பதினான்கு பேர் எழுதியது

ஹவுன்ஸ்லோ, லண்டன்
14 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி கௌசிக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். நீயும் மச்சான் ரதீசனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் நோ குறைந்ததா? மாலினிக்குத் தைரொயிட் குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. என் பிரஷர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாளைக்குப் பொங்கல். இங்கே பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, புகை மணி அடிக்காமல் பொங்கி இறக்கினால் போதும் என்றாகிவிட்டது.

போன் இருக்க மின்னஞ்சலில் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் கத்துவேன், மாலினி நடுவில் வந்து மீன் என்ன விலை என்று கேட்பாள். எழுதினால் அனுப்ப முன்னர் ஒருக்கால் வாசித்துப் பார்க்கலாம்.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் கொம்பனிக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஹீத்ரோவில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு நிறுவனம், அறுநூறு பேர். அத்தனை பேருக்கும் ஷிப்ட் போட்டுக் கொடுப்பது இனி எங்கள் செயலி. ஆளாளுக்குப் போனில் இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை என்று பார்க்கலாம், ஒருவரோடு ஒருவர் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்தது உன் அண்ணன். பாஸ்கரன் அண்ணை எல்லோருக்கும் முன்னால், "தவராசா இல்லாட்டி இந்த அலுவல் நடந்திராது" என்று சொன்னார். பெற்றோல் ஷெட்டில் பதினைந்து வருடம் நின்றுகொண்டே படித்தவனை, நாற்பத்தைந்து வயதில் யாரும் வேலைக்கு எடுக்காதபோது எடுத்த மனிசன் அவர். எனக்குக் கண் கலங்கிப் போனது.

உன் 'நாள்முறை' எப்படிப் போகிறது? இன்னும் அதோடுதான் மாரடிக்கிறாயா? யாராவது ஒரு கொம்பனி அதை எடுத்துப் பாவித்தால் உனக்குத் தெரியவருமா? சும்மா கேட்டேன்.

ரதீசனுக்கு என் அன்பைச் சொல்லு.

உன் அண்ணன்
தவராசா


வவுனியா
21 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை ரதீசனுக்கும் வாசித்துக் காட்டினேன். "அத்தான் இனிப் பெரிய ஆள்" என்கிறார். எனக்கும் பெருமைதான். அண்ணியைக் குளிசையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். என் முழங்கால் மழைக்குக் கத்துகிறது, வெயிலுக்கு வாயை மூடிக்கொள்கிறது.

நாள்முறையோடு மாரடிக்கிறேன்தான். அந்தக் கணினி நிரலை நான் எழுதியது எங்கள் ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு ஷிப்ட் ரோஸ்டர் போட. யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். இப்போது யார் யாரோ எழுதுகிறார்கள். போன கிழமை ஒருவர், "உன் நிரல் குப்பை, என் நேரம் வீணாய்ப் போச்சு" என்று எழுதியிருந்தார். ஒரு சதம் வாங்காமல் கொடுத்த சாமானுக்கு அவர் காட்டிய கோபத்தைப் பார்த்தால், நான் அவர் வீட்டில் களவெடுத்தேன் என்று நினைப்பீர்கள். பதில் எழுதி, பிழையையும் திருத்திக் கொடுத்தேன். வேலை விட்டு வந்து தினமும் ஒரு மணித்தியாலம் இப்படித்தான் போகிறது.

ஆனால் நல்ல மனிதர்களும் வருகிறார்கள். லிஸ்பனில் மரியானா என்று ஒரு தாதி. அவளோடு வேலை செய்தவள் ஒருத்தி, ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் இடையில் நித்திரையில்லாமல் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போய் மதிலில் மோதிச் செத்துப்போனாள். மரியானாவுக்கு நிரல் எழுதத் தெரியாது. அதற்காகவே எட்டு மாதம் படித்து, ஒரு விதி எழுதி அனுப்பினாள்: ஒரு ஷிப்ட் முடிந்து பதினொரு மணித்தியாலம் போகாமல் அடுத்த ஷிப்ட் கொடுக்க முடியாது. நாள்முறையிலேயே ஆகத் திருத்தமான பகுதி அதுதான்.

யார் பாவித்தாலும் எனக்குத் தெரியவராது. தெரிய வேண்டியதும் இல்லை. லைசென்ஸ் ஜிபிஎல். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். கேட்பது இரண்டுதான். எழுதியவர்களின் பெயரை அழிக்கக்கூடாது. தாங்கள் மாற்றிய நிரலை, அந்தச் செயலி கையில் உள்ளவர் கேட்டால் கொடுக்க வேண்டும். என்னோடு சேர்த்து இப்போது பதினான்கு பெயர் இருக்கிறது.

ஏன் கேட்டீர்கள்?

அன்புத் தங்கை
கௌசி


ஹவுன்ஸ்லோ
10 மார்ச் 2024

அன்புள்ள கௌசிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் பிந்திவிட்டது, வேலை கழுத்தளவு. பிள்ளை லக்‌ஷிகாவுக்கு ஏ-லெவல் சோதனை நெருங்குகிறது. அவளுக்காக வீட்டில் ரீவி போடுவதில்லை என்று மாலினி சட்டம் போட்டிருக்கிறாள், தான் மட்டும் ஹெட்போனில் நாடகம் பார்க்கிறாள். கவுன்சில் குப்பை எடுக்கும் நாளை மாற்றிவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை, தெரு முழுக்க நாறுகிறது.

மரியானா பற்றி நீ எழுதியதை வாசித்தேன்.

வேறு விசேஷம் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
தவராசா


வவுனியா
25 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நேற்று அண்ணி எனக்கு ஒரு படம் அனுப்பினார். அண்ணியோடு இங்கிலிஷ் வகுப்புக்குப் போன டொலறஸ் அக்கா இருக்கிறாரே, ஹீத்ரோவில் விமானம் துப்புரவாக்குகிறவர், அவருடைய போனின் படம். வியாழக்கிழமை ஷிப்ட் மாற்றப் பார்த்திருக்கிறார். செயலி விடவில்லையாம். அதில் தமிழில் ஒரு வரி: "வெசாக் போயா, விடுமுறை நாள்." அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்கட அண்ணை வெள்ளைக்காரன்ர எயர்போட்டில தமிழைக் கொண்டுபோய் வச்சிட்டார், பார்த்தியளே!" என்று எழுதியிருந்தார்.

அண்ணை, ஹீத்ரோவில் விமானம் கூட்டுகிறவர்களுக்கு வெசாக் போயாவுக்கு லீவு கொடுத்தது யார்?

நான் சொல்கிறேன். வவுனியாவில் ஒருத்தி, 2019இல், ஆஸ்பத்திரி விடுமுறைப் பட்டியலில் அந்த வரியைத் தன் கையால் எழுதினாள். அதை உங்கள் செயலியிலிருந்து எடுக்க யாரோ மறந்துவிட்டார்கள். படத்தைப் பார்த்தவுடன் அந்தச் செயலியை நானும் இறக்கிப் பார்த்தேன். பதினான்கு பெயரில் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் மறக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் சும்மா கேட்டேன் என்றீர்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே.

கௌசி


ஹவுன்ஸ்லோ
2 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஓம், எடுத்தேன். மறைக்கப் போவதில்லை. போன வருடம் பாஸ்கரன் அண்ணை, "ஆறு கிழமையில செய்து தர ஏலுமோ?" என்று கேட்டார். ஏலும் என்றேன். நாலு கிழமை இருந்து பார்த்தேன், ஷிப்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. உன்னுடையதை எடுத்துப் போட்டேன், ஒரு பின்னேரத்தில் ஓடியது. அப்போது எனக்கு உன்னை நினைத்து எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்கிறாய். உன் சாமானை எடுக்க நான் எப்போது உன்னிடம் கேட்டேன்? உன் சைக்கிளை எடுத்தேன், உன் கணக்குக் கொப்பியை எடுத்தேன், நீயும் என் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனாய். வெளி ஆளுடைய பொருள் என்றால் லைசென்ஸை வரிக்கு வரி வாசித்திருப்பேன். தங்கச்சியுடையது என்றபடியால் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. பெயர்களைப் பார்த்து, "இவை ஆர்?" என்று பாஸ்கரன் அண்ணை கேட்பார் என்று பயந்துதான் எடுத்தேன். முழுதும் நானே எழுதியது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தோடு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். உன் நிரலை எங்கள் கொம்பனி எந்த நிபந்தனையும் இல்லாமல் பாவிக்கலாம் என்று அரைப் பக்கம். ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீதானே அதன் சொந்தக்காரி. இது வெளியே வந்தால் என் வேலை போய்விடும், கௌசி. ஐம்பத்தொரு வயதில் என்னை இனி யார் எடுப்பான்?

உன்னை நம்பும்
அண்ணன்


வவுனியா
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் பிரஷரை நினைத்துக்கொண்டு கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

சைக்கிள் என்னுடையது, கொடுத்தேன். இது என்னுடையது இல்லை. தொடங்கியவள் நான், சாவி என் கையில், அவ்வளவுதான். என் வரிகளுக்கு நான் கையெழுத்துப் போடலாம். மரியானாவின் வரிக்கு மரியானாதான் போட வேண்டும். மட்டக்களப்பில் நிஷாந்தன் என்று ஒரு பையன், வீட்டில் கணினி இல்லாமல் இன்டர்நெட் உள்ள கொம்யூனிகேஷன் கடையில் இருந்து எழுதி அனுப்பியவன், அவனுடையதற்கு அவன். இப்படிப் பதின்மூன்று பேர். இந்த லைசென்ஸை நம்பித்தான் அவர்கள் தந்தார்கள். அவர்கள் சார்பில் நான் கையெழுத்து வைத்தால், கோயில் சாவியை வைத்திருக்கிறவர் விக்கிரகத்தை விற்ற மாதிரி இருக்கும்.

ஆனால் அண்ணை, இது இவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. பெயர்களைத் திரும்பப் போடுங்கள். நீங்கள் மாற்றிய நிரலை, கேட்பவர் எடுக்கும்படி வெளியே வையுங்கள். பாஸ்கரன் அண்ணை தாராளமாக வியாபாரம் செய்யலாம், அதை இந்த லைசென்ஸ் தடுக்காது. எத்தனையோ பெரிய கொம்பனிகள் செய்வதுதானே. தங்கச்சியும் சிநேகிதரும் எழுதியதன் மேல் கட்டினேன் என்று சொல்லுங்கள், இரண்டு நாள் முகத்தைத் தூக்குவார், பிறகு சரியாகிவிடும்.

இதற்கு ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்றுதான் விளங்கவில்லை.

அன்புடன்
கௌசி


வவுனியா
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. சுகமில்லையோ என்று பயந்து முந்தநாள் அண்ணிக்குப் போன் எடுத்தேன். நீங்கள் குளிக்கிறீர்கள் என்றார். நேற்றும் எடுத்தேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். லண்டனில் தண்ணீருக்கு வரி இல்லையோ?

அண்ணிதான் நெடுநேரம் பேசினார். டொலறஸ் அக்கா வேலை முடிந்து 111 பஸ்ஸில் ஏறி, ஹவுன்ஸ்லோவில் இறங்காமல் தூங்கிப்போய், கிங்ஸ்டனில் போய்க் கண் முழித்தாராம். அண்ணி சிரித்துச் சிரித்துச் சொன்னார், நானும் சிரித்தேன். பிறகுதான் எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று கேட்டேன். இரவு பத்துக்கு. அடுத்த ஷிப்ட்? விடிய ஐந்துக்கு. கிழமையில் மூன்று நாள் இப்படியாம்.

போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். பத்திலிருந்து ஐந்து வரைக்கும் ஏழு மணித்தியாலம். எங்கள் நிரல் அப்படி ஒரு ஷிப்டைக் கொடுக்காது, அண்ணை. மரியானாவின் விதி விடாது. விட்டிருக்கிறது என்றால் யாரோ அந்த எண்ணை மாற்றியிருக்க வேண்டும்.

நீங்கள் பயப்படுவது பதினான்கு பெயருக்கு இல்லை. மாற்றிய நிரலை வெளியே வைத்தால் அந்த எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குத்தானே?

இல்லை என்று எழுதுங்கள். நான் நம்புகிறேன்.

கௌசி


ஹவுன்ஸ்லோ
28 ஜூலை 2024

கௌசிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

மாற்றியது நான்தான். போன நவம்பர் ஆறாம் திகதி, திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒப்பந்தத்துக்கு முன்னம் செயலியை ஓட்டிப் பார்த்த வாடிக்கையாளர், பதினொன்று வைத்தால் ஆள் போதாது என்று சொன்னார்கள். பாஸ்கரன் அண்ணை என் மேசைக்கு வந்து, "சட்டத்தில விலக்கு இருக்காம், குறைஞ்ச ஓய்வைப் பிறகு ஈடு செய்யலாமாம். ஏழு போடும், தவராசா. ஒரு இலக்கம்தானே" என்றார். நான் மறுத்தும் சொன்னேன். ஒரே ஒரு தரம் சொன்னேன். பிறகு போட்டேன்.

அந்த வரிக்கு மேலே இங்கிலிஷில் ஒரு குறிப்பு இருந்தது. தயவுசெய்து இதைக் குறைக்க வேண்டாம், என் சிநேகிதிக்காக எழுதியது என்று. கீழே எம் என்ற ஓர் எழுத்து. யார் அந்த எம் என்று அப்போது எனக்குத் தெரியாது. குறிப்பையும் சேர்த்து அழித்தேன். ஜனவரியில் நீ எழுதியபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு உன் கடிதத்தைத் திரும்பத் திறக்கவே பயமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய் விடிய டொலறஸ் அக்கா விமானப் படியில் கால் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நித்திரைக் கலக்கமாம். மாலினி சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னையும் கூப்பிட்டாள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நீ என்ன செய்யப் போகிறாய்? வழக்கு வைப்பாயா?

தவராசா


வவுனியா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருங்கள். மனதாரத்தான் சொல்கிறேன்.

ஒரு கிழமை எழுதவில்லை. எனக்குக் கோபம், அதைவிட வெட்கம். ரதீசனுக்குக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் என்னிடமிருந்து எதை எடுத்திருந்தாலும் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். செத்துப்போன ஒருத்திக்காக எழுதிய வரியை அழித்திருக்கிறீர்கள்.

வழக்கு வைக்க மாட்டேன். டொலறஸ் அக்காவுக்கும் நான் எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செயலி அவர் போனில் இருக்கிறபடியால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அது நான் கொடுக்கிற தயவு இல்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதே அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

லைசென்ஸில் ஒரு நல்ல பகுதி இருக்கிறது. எழுதியவர் வக்கீல் என்றாலும் மனிசத்தன்மை உள்ளவர்தான். முதல் தரம் பிழை விட்டவர், அறிவித்தல் கிடைத்து முப்பது நாளுக்குள் திருத்திவிட்டால், இழந்த உரிமை முழுதாகத் திரும்பிவிடும். பிறகு யாரும் அதைக் கிளறக்கூடாது.

ஆகவே இந்தக் கடிதத்தை அறிவித்தலாக எடுத்துக்கொள்ளுங்கள். நாள்முறையின் உரிமையாளர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். இன்று ஆகஸ்ட் நான்கு. செப்டம்பர் மூன்று வரை இருக்கிறது. இதன் பிரதி உங்கள் கொம்பனி முகவரிக்கும் இங்கிலிஷில் போகிறது. அண்ணனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதிவிட்டு அழுதேன்.

மரியானாவுக்கும் மற்றவர்களுக்கும் லண்டனில் ஒரு கொம்பனி இப்படிச் செய்திருக்கிறது, அறிவித்தல் அனுப்பிவிட்டேன் என்று எழுதினேன். செய்தவர் எனக்கு யார் என்று எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

கௌசி


ஹவுன்ஸ்லோ
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி கௌசிக்கு,

சுகம். நீயும் ரதீசனும் சுகமாக இருக்க வேண்டும். லக்‌ஷிகா நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள், மன்செஸ்டருக்குப் போகிறாள். மாலினி இப்போதே அழத் தொடங்கிவிட்டாள்.

உன் அறிவித்தலைப் பாஸ்கரன் அண்ணை எனக்கு முன்னாலேயே வாசித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வவுனியாவில இருந்து ஒரு பொம்பிளை ஈமெயில் போட்டா நான் பயப்பிட வேணுமோ? ஆர் இந்தப் பொம்பிளை?"

"என்ர தங்கச்சி" என்றேன். "புரோகிராமுக்கு உரிமைக்காரி. அவவைப்போல இன்னும் பதின்மூண்டு பேர் இருக்கினம். நான் எழுதேல்லை, அண்ணை. எடுத்தனான்."

கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமை வக்கீலோடு அலைந்தார். வெளியே வைப்பதுதான் நல்லது என்று வக்கீலும் சொன்ன பிறகு, போன புதன்கிழமை, "வையும்" என்றார். அடுத்த பேச்சிலேயே இந்த மாதத்தோடு என்னை வேலையிலிருந்து நிற்கச் சொன்னார். "ஏழு போடச் சொன்னது நான்தான், அதை இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா நீர் எழுதினது எண்டு சொன்னீர் பாரும், அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனிசன், ஆனால் அந்த எண்ணை இன்னும் மாற்றவில்லை. வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று பயம். உன் லைசென்ஸ் அதைத் தடுக்காது என்று உனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே வைத்தேன். பதினான்கு பெயரையும் பழைய ஒழுங்கிலேயே போட்டேன். மரியானாவின் குறிப்பைச் சொல் மாறாமல் திரும்ப வைத்தேன். மாற்றிய கோப்பில் யார், எப்போது மாற்றினார் என்று எழுத வேண்டுமே. கொம்பனியின் பெயர் போதும் என்று வக்கீல் சொன்னார். நான் என் பெயரை எழுதினேன்: 2023 நவம்பர் 6, பதினொன்றை ஏழாக மாற்றியவர் தவராசா.

நேற்று டொலறஸ் அக்கா வீட்டுக்குப் போனேன், மாலினி இல்லாமல், தனியே. கையில் மாவுக்கட்டு. லைசென்ஸ், உரிமை என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதில எது என்ர ஷிப்ட்?" என்று கேட்டார். மடிக்கணினியைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். ஏழு என்ற எண்ணின் மேல் இடது கை விரலை வைத்தார்.

"இது முந்தி எத்தினை?"

"பதினொண்டு, அக்கா."

"ஆர் மாத்தினது?"

"நான்."

அவர் எழுந்துபோய்க் கேத்திலைப் போட்டார். ஒற்றைக் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. "ஆறப்போகுது, குடியும்" என்றார். பிறகு, "அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தாரும். யூனியன்காரியிட்டக் காட்ட வேணும். உம்மட பேர் இருக்கிற இடமும் வரட்டும்" என்றார். இன்று காலை நூலகத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலினிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை, ஆனால் சாப்பாடு வருகிறது. இருபத்தெட்டாவது நாள் இன்று. அறிவித்தல் அனுப்பினாயே, பதில் எழுத வேண்டும் என்று எழுதினேன். நீ பதில் எழுதாவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

அண்ணன்
தவராசா


வவுனியா
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். லக்‌ஷிகாவுக்கு மாமியின் முத்தங்கள். மன்செஸ்டர் குளிராம், நல்ல ஜம்பர் வாங்கிக் கொடுங்கள். அண்ணி பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள், வாய் திறக்கிற வரைக்கும் விடாதீர்கள். டொலறஸ் அக்காவும் இன்னும் முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்து வைத்து அந்தப் பக்கத்தை யூனியனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணிதான் எனக்குச் சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

நீங்கள் வெளியே வைத்ததைத் திங்கட்கிழமை வேலை விட்டு வந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தேன். வேறு யாருடையதைப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன். எல்லாம் சரி. குறை ஒன்றும் இல்லை. அறிவித்தல் தீர்ந்தது என்று மற்றவர்களுக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் பெயர் இருந்த வரிக்கு வந்தபோது கொஞ்சநேரம் எழுந்துபோய் முற்றத்தில் நின்றேன்.

அடுத்த நாளே மரியானா எழுதினாள். தன் குறிப்பைத் திரும்பக் கண்டதில் சந்தோஷம் என்றாள். எண் இன்னும் ஏழாக இருப்பது கவலை, ஆனால் இனி அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும் என்றாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். கொம்பனிகள் இப்படி ஒரு வரியில் ஆளின் பெயரைப் போடுவதில்லையே, இவர் ஏன் தன் பெயரைப் போட்டார்? யார் இந்தத் தவராசா, உனக்குத் தெரியுமா?

நாலு நாள் பதில் எழுதவில்லை, அண்ணை. தெரியாது என்று எழுதலாமா என்றும் யோசித்தேன்.

இன்று காலை எழுதினேன். என் அண்ணன் என்று.

உங்கள் அன்புத் தங்கை
கௌசி